மேல் பலகை

நான் அறுக்காத ஒரு பலகையை நான் அறுத்தது என்று சொன்னேன். ஒரு சனிக்கிழமை பிற்பகலில், ஐந்தாறு பேர் முன்னால், யாரும் வற்புறுத்தாமல் சொன்னேன். அதை அறுத்தவர் என் நண்பர். அந்த ஒரு சொல்லால் அவருக்குக் கிடைக்கவிருந்த வேலை போயிற்று. அந்த வேலையை நம்பி ஓர் உயிர் இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதற்குப் பிறகு நான் எழுதுவது எதையும் சமாதானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இருபதாம் நூற்றாண்டு பிறந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம். பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளியில் படித்து ஆசிரியராகவோ குமாஸ்தாவாகவோ அமர்ந்த எங்களில் சிலருக்கு ஒரு பித்துப் பிடித்திருந்தது. மெல்லிய பலகையில் படம் வரைந்த தாளை ஒட்டி, நூல் வாளால் அதைப் பூவும் கொடியுமாக அறுத்தெடுப்பது. நூல் வாள் என்று நாங்கள் சொன்னது, லாடம் போல வளைந்த நீண்ட இரும்புச் சட்டமும், அதன் இரு முனைகளுக்கு நடுவே விறைப்பாகக் கட்டிய, தையல் நூல் அளவே தடித்த அலகும்தான். அலகுகள் ஜெர்மனியில் செய்தவை. சென்னையிலிருந்து டஜன் கணக்கில் தபாலில் வரவழைப்போம். படத்தாள்கள் இங்கிலாந்திலிருந்து வரும். மரம் தச்சநல்லூர் மரக்கடையில் கிடைத்தது. நான் மஞ்சக்கடம்பையே விரும்பி வாங்குவேன். வாளுக்கு வெண்ணெய் போல விட்டுக்கொடுக்கும்.

இதனால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை. எங்களுக்குக் கடிதம் வருவது மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ; கடிதம் செருகி வைக்கும் தட்டுகள் வீட்டுக்கு மூன்று தொங்கின. ஒருமுறை என் வீட்டுக் கதவைச் செப்பனிட வந்த ஆசாரி, நான் ஒரு வாரமாக அறுத்த புகைப்படச் சட்டத்தைத் தூக்கிப் பார்த்து, "அண்ணாச்சி, பலகையில ஓட்டை போடுததுக்கா இம்புட்டுப் பாடு?" என்றார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மாதத்தின் முதல் சனிக்கிழமை பிற்பகல் மிஷன் கோவில் வளாகத்து வாசகசாலையில் கூடுவோம். ஆறு பேர். ஏழாவதாகப் பள்ளிகளை மேற்பார்த்த துரை வருவார். இந்தக் கூட்டத்தைத் தொடங்கியவரே அவர்தான். முடித்த வேலைகளை நீண்ட மேசையில் வைத்துவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். இது என்னுடையது என்று யாரும் வாய் திறக்கக் கூடாது. ஒவ்வொருவரும் ஒவ்வொரு பலகையையும் எடுத்து முதலில் முன்புறத்தைப் பார்ப்பார்கள், பிறகு திருப்பிப் பின்புறத்தைப் பார்ப்பார்கள். வாள் கீழ்நோக்கி இழுக்கும்போது பலகையின் அடியில் நார் பெயர்ந்து சிலாம்பு நிற்கும். கை எவ்வளவு நிதானமானது என்பதை அந்த அடிப்புறம் சொல்லிவிடும். ஒருவருடைய பலகையைத் திருப்பிப் பார்ப்பதுதான் நாங்கள் அவருக்குச் செய்த மரியாதை. எல்லாரும் பார்த்து முடித்த பிறகே துரை, "இது யாருடைய கை?" என்று கேட்பார்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. இரண்டு பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சின்ன ஆணிகளால் இறுக்கி ஒரே அறுப்பில் அறுத்தால் இரண்டு கிடைக்கும். கீழே இருப்பது தாங்கிக்கொள்வதால் மேல் பலகை இருபுறமும் சுத்தமாக வரும். சிலாம்பெல்லாம் கீழ்ப் பலகையின் அடியில் போய்ச் சேரும். மேல் பலகை அறுத்தவனுக்கு. கீழ்ப் பலகை நண்பனுக்கு. எங்கள் எல்லார் வீட்டுச் சுவரிலும் மற்றவர்களுடைய கீழ்ப் பலகைகள் தொங்கின. மேல் பலகையை யாரும் யாருக்கும் கொடுத்ததில்லை.

என் நண்பர் திசையன்விளைக்கும் தெற்கே, செம்மண் தேரிக்காட்டு ஊர் ஒன்றில் பள்ளி ஆசிரியர். பயிற்சிப் பள்ளியில் நாங்கள் இருவரும் ஒரே வகுப்பு. என்னிடம் இருந்த பழைய வாளை அவருக்குக் கொடுத்து, பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவன் நான். இரண்டே ஆண்டில் அவர் கை எங்கேயோ போய்விட்டது. இங்கிலாந்துப் படத்தாள் வாங்க அவருக்கு வசதி இல்லை, தாமே வரைந்தார். நான் பத்து ஆண்டு அறுத்தும் அடுத்தவன் வரைந்த கோட்டின்மேல்தான் போய்க்கொண்டிருந்தேன்.

அந்த ஆண்டு பாளையங்கோட்டைப் பயிற்சிப் பள்ளியில் கைத்தொழில் ஆசிரியர் ஒருவரை நியமிக்கப்போவதாகத் துரை சொன்னார். சொந்தமாக வரையத் தெரிந்தவர் வேண்டும். ஜனவரிக் கூட்டத்தில் வேலைகளைப் பார்த்துத் தாமே ஒருவரைச் சிபாரிசு செய்வதாகச் சொன்னார். நான் நண்பருக்குக் கடிதம் எழுதினேன். அதை எழுதியபோது என் மனம் சுத்தமாகத்தான் இருந்தது.

டிசம்பர் விடுமுறையில் அவர் தம் மனைவியை மிஷன் ஆஸ்பத்திரியில் காட்ட அழைத்துவந்தார். என் மனைவி அப்போது பேறுகாலத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். பத்து நாள் இருவரும் என் வீட்டில் தங்கினார்கள். அந்தம்மாளுக்கு நெஞ்சில் சளி. இருமினால் கட்டில் சட்டம் அதிரும். தேரிப் புழுதி இந்த நெஞ்சுக்கு ஆகாது, மருத்துவம் பார்க்க வாரம் ஒருமுறை வரவேண்டும் என்று மருத்துவர் சொன்னார். வாரம் ஒருமுறை! மாட்டுவண்டியில் வந்துசேரவே இரண்டு நாள் ஆகும் ஊர். பாளையங்கோட்டையில் வேலை கிடைத்தால்தான் அந்தம்மாளுக்கு மருத்துவம். எங்கள் மூவருக்கும் இது தெரியும்.

அந்தப் பத்து நாளில்தான் அவர் அதை அறுத்தார். ஒற்றைப் பனைமரம். பனையோலை விசிறியாக விரியும் இடத்தில் நெருக்கமாக நாற்பது கீற்றுகள். ஒவ்வொன்றும் நகக்கண் அகலம். என் மஞ்சக்கடம்புப் பலகைகள் இரண்டை ஆணியடித்துச் சேர்த்து, என் மேசையில், என் கண்முன் அறுத்தார். பின்வாசல் தாழ்வாரத்தில் கட்டிலில் சாய்ந்தபடி அந்தம்மாள் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஏழாம் நாள் வாள் தவறியது. அந்தம்மாளின் இருமல் திடீரென்று எழ, அவர் கை திரும்பிவிட்டது. ஒரு கீற்றின் நுனியில் கோடு விலகி ஒரு கோணல் துண்டு நின்றது.

"போச்சு," என்றார் அவர்.

"என்னத்த போச்சு? இங்கன கொண்டாங்க," என்று அந்தம்மாள் பலகையை வாங்கிப் பார்த்தார். இருமல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "பனைன்னா குருவி இல்லாமயா? அந்தத் துண்ட அப்படியே சொரைக்காய் மாதிரி விட்டுருங்க. தூக்கணாங்குருவிக் கூடு ஆச்சு."

"கூடு சரி. குருவி எங்கடி?"

"அது தண்ணி குடிக்கப் போயிருக்கு. துரை கேட்டா அப்படிச் சொல்லுங்க."

மூவரும் சிரித்தோம். தவறிய துண்டு கூடாயிற்று. ஓலை நுனியில் ஆடுவது போலவே இருந்தது.

ஊருக்குப் புறப்படும் காலையில் ஆணிகளைக் கழற்றி இரண்டையும் பிரித்து, மேல் பலகையை என் கையில் கொடுத்தார்.

"மேல் பலகை உமக்குல்லா வே," என்றேன்.

"பத்து நாளா இடம் குடுத்தீரு, சோறு போட்டீரு. கீழ்ப் பலகையக் குடுத்தா இவ என்னைய ஏசுவா."

"துரைக்கு எதைக் காட்டுவீரு?"

"கீழ்ப் பலகை போதும். அவரு பாக்கது படத்தைல்லா."

ஜனவரிக் கூட்டத்துக்கு நான் அந்த மேல் பலகையை எடுத்துப்போனேன். ஏன் எடுத்துப்போனேன்? நண்பருக்கு உதவியாக இருக்கும் என்றுதான் அன்று காலை நினைத்தேன். அவர் வர நேரமாயிற்று. பலகை மேசையில் இருந்தது. ஒவ்வொருவராக எடுத்தார்கள், திருப்பினார்கள். எங்கள் கூட்டத்தில் எப்போதும் ஏதாவது கேலி பேசுபவர் போஸ்ட் மாஸ்டர். அன்று அவர் பலகையை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்து, நாற்பது கீற்றையும் எண்ணினார். பத்து ஆண்டில் என்னுடைய எதையும் அவர் ஜன்னல் பக்கம் கொண்டுபோனதில்லை.

"இது யாருடைய கை?" என்று துரை கேட்டார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் கொண்டுவந்து வைத்ததை யாரோ பார்த்திருக்க வேண்டும். நண்பர் பெயரைச் சொல்லத்தான் வாய் திறந்தேன், தவறி வேறு சொல் வந்துவிட்டது என்று பல ஆண்டுகள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். "என்னுடையது" என்று சொல்லத்தான் திறந்தேன்.

"இந்தக் கூடு?"

"அதுவும் என் யோசனைதான். குருவி தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறது."

துரை வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்குமுன் என் நண்பர் உள்ளே வந்தார். சட்டையெல்லாம் செம்புழுதி. மறுபடி ஆஸ்பத்திரியில் காட்ட அழைத்துவந்த மனைவிக்குக் காலையில் மிகவும் முடியாமல் போய், வண்டி நின்ற சத்திரத்திலேயே படுக்க வைத்துவிட்டு வந்திருந்தார். மூச்சு வாங்கத் துண்டைப் பிரித்துத் தம் பலகையை மேசையில் வைத்தார்.

இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. கூடுகூட ஒன்றுபோலவே இருந்தது.

"ஒரே அறுப்பு," என்றார் துரை. "இருவரில் யார் அறுத்தது?"

"நான்தான் ஐயா," என்றார் நண்பர். பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார்.

போஸ்ட் மாஸ்டர் இரண்டையும் திருப்பினார். ஒன்றின் அடி கண்ணாடி போலிருந்தது. மற்றதன் அடியில் சிலாம்பு. "இதுல என்ன வழக்கு இருக்கு?" என்றார். "மேல் பலகை யாருகிட்ட இருக்கோ, அறுத்தது அவரு. எந்தக் கிறுக்கன் மேல் பலகையத் தூக்கி அடுத்தவனுக்குக் குடுப்பான்?"

இரண்டு பேர் சிரித்தார்கள். நண்பர் சிரிக்கவில்லை. "குடுத்தேன் வே. நெஞ்சத் தொட்டுச் சொல்லும்," என்றார் என்னிடம். நான் பலகைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

துரை கெட்டவரல்ல. ஒரு வாளையும் துண்டுப் பலகையையும் எடுத்துவரச் சொல்லி, நண்பரிடம் கொடுத்து, நான்கு கீற்று அறுத்துக் காட்டச் சொன்னார். நூல் வாள் பிடித்தவர்களுக்குத் தெரியும்: கோபத்தில் இருக்கிற கையில் அலகு நிற்காது. முதல் கீற்றிலேயே ஒடிந்தது. மாற்றிக் கொடுத்தார்கள். அதுவும் ஒடிந்தது. மூன்றாவது அலகை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. என்னை யாரும் அறுக்கச் சொல்லவில்லை.

"ஓர் ஆசிரியர் பிறருடைய வேலையைத் தம்முடையது என்று கொண்டுவரலாகாது," என்றார் துரை, தம் புத்தகத் தமிழில், தாழ்ந்த குரலில்.

நண்பர் தம் பலகையைத் துண்டில் சுற்றிக்கொண்டு வெளியே போனார். நான் வாசல்வரை பின்னால் போனேன்.

"ஏன் வே?" என்றார்.

"நாளைக்குத் துரைகிட்ட பேசுதேன்."

"இன்னைக்கே பேசலாம். அவரு உள்ளதான இருக்காரு."

வெயில் சுட்டது. நான் நகரவில்லை. அவர் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, சத்திரம் இருக்கும் திசையில் போனார். நான் வீட்டுக்குப் போனபோது வாசற்படியில் என் பழைய வாள் கிடந்தது. அலகைக் கழற்றி, சட்டத்தைத் துடைத்து வைத்திருந்தார்.

அந்த வேலையைத் துரை முதலில் எனக்குத்தான் கொடுக்க வந்தார். கையிலிருந்த சர்க்கார் வேலையின் சம்பளத்தை விட மனமில்லை என்று மறுத்தேன். எனக்கு வேண்டாத வேலை அது. வேறு ஊர்க்காரர் ஒருவருக்குப் போயிற்று. அவ்வாண்டு ஆடிக் காற்றில் தேரி மணல் கிளம்பிப் பறந்துகொண்டிருந்தபோது அந்தம்மாள் இறந்துபோனார். பாளையங்கோட்டையில் இருந்தால் பிழைத்திருப்பார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இதை எழுதும்போதும் அந்த வாக்கியத்தை நாடுகிறேன் பாருங்கள். செய்தி சபைக்கு வந்த கடிதத்தில் இருந்தது. ஆராதனை முடிவில் வாசித்தார்கள். நான் மற்றவர்களோடு தலைகுனிந்தேன். போகவில்லை. எழுதவும் இல்லை.

ஆண்டவரிடம் அறிக்கையிட்டேன், ஒருமுறையல்ல. அது எளிது. அவர் எல்லாப் பலகையையும் முன்பே திருப்பிப் பார்த்தவர்.

பிறகு யுத்தம் வந்தது. ஜெர்மன் அலகுகள் நின்றுபோயின. துரை சீமைக்குப் போனவர் திரும்பவில்லை. உண்மையைச் சொல்லி நான் அவருக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் இல்லை. ஒடிந்த அலகின் நீளமான பாதியைக் கட்டி ஒப்பேற்றிக்கொண்டு, கூட்டத்தில் நாங்கள் நாலைந்து பேர் மிஞ்சியிருந்தோம். அப்படி ஒரு சனிக்கிழமை எழுந்து நின்று, பனைமரத்தை அறுத்தவன் நான் அல்ல என்று சொன்னேன்.

போஸ்ட் மாஸ்டர் என் தோளில் தட்டினார். "பாவம், பொஞ்சாதியப் பறிகுடுத்த மனுசன். அவருக்கு ஒரு பேராவது இருக்கட்டும்னு பாக்கீரு. பெரிய மனசு வே உமக்கு. ஆனா மேல் பலகை உம்ம வீட்டுலல்லா தொங்குது? நாங்க கண்ணாலல்லா பாத்தோம்?"

நான் மீண்டும் மீண்டும் சொன்னேன். சொல்லச் சொல்ல என் மதிப்புத்தான் கூடியது. அன்று அங்கிருந்து நல்லவன் என்ற பெயரோடு வீடு திரும்பினேன்.

அடுத்த மாதம் பலகையைச் சுவரிலிருந்து இறக்கி, மறைத்து வைத்திருந்த கடைசி டஜன் அலகுகளையும் எடுத்துக்கொண்டு தெற்கே வண்டியேறினேன். அவர் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. எனக்கு அப்போது பாதிதான். பிள்ளைகளை விளையாட அனுப்பிவிட்டு, "தண்ணி குடியும்," என்று செம்பை நீட்டினார். குடித்தேன். என்ன செய்தேன் என்பதை அவரிடமே முதலிலிருந்து சொன்னேன், அவருக்குத் தெரியாதது போல.

அலகுப் பொட்டலத்தைப் பிரித்தேன்.

"இத வச்சு நான் என்ன செய்ய? வாளத்தான் அன்னைக்கே உம்ம வாசல்ல வச்சுட்டு வந்துட்டேனே."

"கூட்டத்துல சொன்னேன். யாரும் நம்பல."

அவர் சிரித்தார். நல்ல சிரிப்பல்ல அது. "எப்படி நம்புவாங்க? வழக்கம் அப்படி."

பொட்டலத்தை மறுபடி மடித்துக் கட்டியபடி, "அவகிட்ட நான் சொல்லல," என்றார். "வேலை வேற ஆளுக்குப் போயிட்டுன்னு மட்டுஞ் சொன்னேன். பாளையங்கோட்டையில ஒரு வீட்டுச் சுவத்துல தன் கூடு தொங்குதுன்னு நெனச்சுக்கிட்டே இருந்தா. காத்து அடிக்கையில எல்லாம், அங்கன நம்ம கூடு ஆடுமோன்னு கேப்பா. உம்மப் பத்தி ஒரு நாளும் கொறவாப் பேசினதில்ல."

எழுந்து வீட்டுக்குப் போய்த் தம் பலகையைக் கொண்டுவந்தார். நான் கொண்டுபோன மேல் பலகையை வாங்கி அதன்மேல் பொருத்தி, ஓரங்களை விரலால் தடவிப் பார்த்தார். பழைய ஆணித் துளைகள் நேருக்கு நேர் நின்றன. பிறகு மேல் பலகையைத் தம் பக்கம் வைத்துக்கொண்டு கீழ்ப் பலகையை என்னிடம் தள்ளினார்.

"இதுதான் உமக்குள்ளது. கொண்டு போம்."

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நான் கேட்கவும் துணியவில்லை. வண்டிவரை அவர் வரவில்லை.

முதல் சனிக்கிழமை வந்தது. கீழ்ப் பலகையை மேசைமேல் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றேன். போஸ்ட் மாஸ்டர் எடுத்து, பழக்கத்தில் திருப்பினார். சிலாம்பைப் பார்த்ததும் அவர் விரல் நின்றது.

"மேல் பலகை எங்க வே?"

"அறுத்தவர்கிட்ட."

யாரும் சிரிக்கவில்லை. குருவிக்கூடு யார் சொல்லி வந்தது, எந்த இருமலில் வாள் தவறியது, சத்திரத்தில் அன்று யார் படுத்திருந்தார் என்பதையெல்லாம் சொன்னேன். இந்த முறை ஒரு சொல்லைக்கூட இரண்டாம் தரம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. போஸ்ட் மாஸ்டர் பலகையைக் கீழே வைத்தார். "அன்னைக்கு வழக்கம் பேசினது நான்," என்றார். யாரையும் பார்க்காமல் சொன்னார். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர்கள் சேர்ந்து என் நண்பருக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதினார்கள் என்று பிறகு அறிந்தேன். கையெழுத்துப் போட என்னைக் கூப்பிடவில்லை. பதில் வந்ததா என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

கூட்டத்துக்கு வர வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை. மறுமாதம் ஒரு சிறிய சட்டம் அறுத்துக் கொண்டுபோனேன். அந்தக் கடைசி டஜனிலிருந்த அலகால் அறுத்தது. மேசையில் நான்கு வேலைகள் இருந்தன. ஒவ்வொருவராக வந்தார்கள். மற்ற மூன்றையும் எடுத்துப் பார்த்தார்கள், திருப்பிப் பார்த்தார்கள். என்னுடையதை யாரும் திருப்பவில்லை. நான் வைத்த இடத்தில், வைத்த வாக்கில், முன்புறம் மேலே தெரிய அது மாலைவரை கிடந்தது.